செவிலியர் கேட்ட கேள்வி

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குச் செல்லும் பாதை வளைந்து வளைந்து மேலேறுகிறது. அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் அவ்வழியே நாம் சென்றபோது, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும் உடன் வந்தார். இளமையில் அம்மலைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தவர். பழைய மாணவி ஒருத்தியின் இல்ல நிகழ்ச்சிக்காக மீண்டும் மலையேறினார். அவருடைய ஒரே மகன் மருத்துவர். அரசுக் கல்லூரியில் பயின்று, சேலத்து மருத்துவமனையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டுகள் பணியாற்றி, கடந்த ஆண்டு இங்கிலாந்து சென்றவர்.

"தம்பி நலமா, டீச்சர்?" என்று வினவினோம். அன்னையின் முகம் வாடியது.

"நலந்தான் சாமி. மனந்தான் சரியில்லை என்கிறான். இங்கே இருந்தபோது அவன் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. அங்கே ஒரு நர்ஸ், எல்லார் எதிரிலும், 'டாக்டர், நீங்கள் சொன்ன அளவு சரிதானா?' என்று கேட்டுவிட்டாளாம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லையாம். இதற்காகவா சாமி இவ்வளவு படிக்க வைத்தோம்?"

அவ்வன்னைக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. பின்னர் அம்மகனிடமே தொலைபேசியில் பேசினோம். இத்துறை பற்றிச் சிறிது படித்தும் பார்த்தோம். நம் பங்குகளில் பிள்ளையை வெளிநாட்டு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, இரவில் கைப்பேசியை நோக்கிக் காத்திருக்கும் பெற்றோர் பலர் உள்ளனர். அவர்களுக்குப் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

தீவிர சிகிச்சை பிறந்த கதை

இன்று நாம் காணும் தீவிர சிகிச்சைப் பிரிவு எவ்வாறு தோன்றியது என்பதை முதலில் அறிதல் நலம். 1952ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில், மூச்சுத் தசைகள் செயலிழந்த நிலையில் முதலில் சேர்க்கப்பட்ட 31 பேருள் 27 பேர் மாண்டனர். அன்றைய மூச்சு இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றாலும் பெரும்பயன் விளையவில்லை.

அந்நகரில் பியர்ன் இப்சன் என்னும் மயக்கவியல் மருத்துவர் இருந்தார். அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1949, 1950ஆம் ஆண்டுகளில் பயிற்சி பெற்றுத் தாயகம் திரும்பியவர். தொற்றுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவரான லாசன், வேறு துறையினரான இந்த இளைஞரை அழைத்து ஆலோசனை கேட்டார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றுச் செலுத்தலாம் என்றார் இப்சன். ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், உயிர் ஊசலாடிய 12 வயதுச் சிறுமி ஒருத்தியிடம் அதனைச் செய்து காட்டினார். அவள் பிழைத்தாள்.

ஆனால் ஒருவருக்கு இரவும் பகலும் பையை அழுத்துவது யார்? ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து அப்பணியை ஏற்றனர். மாதக்கணக்கில் மனிதக் கைகளே மூச்சு இயந்திரமாயின. நூற்றுக்கு 87 என்றிருந்த இறப்பு, படிப்படியாக 25 அளவிற்குக் குறைந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் இப்சன் அந்நகரின் வேறொரு மருத்துவமனையில் தனிப் பிரிவு ஒன்றை அமைத்தார். அதுவே தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடி.

இவ்வரலாற்றில் இரண்டு உண்மைகள் உள்ளன. தொடக்கத்திலேயே, அயல்நாட்டில் பயின்ற ஒருவரின் அறிவும் உள்ளூர்க் குழுவும் ஒன்றுசேர்ந்தபோதுதான் உயிர்கள் பிழைத்தன. மூத்தவர் இளையவரைக் கேட்டார். மாணவர்கள் கை கொடுத்தனர். ஊர் கூடித் தேர் இழுத்தது. தனியொரு மேதையின் வெற்றியன்று அது.

வாயிலைக் கடத்தல்

பிரித்தானியத் தேசிய சுகாதாரப் பணி 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் தொடங்கியது. அந்நாள் தொட்டே அது வெளிநாட்டு மருத்துவரையும் செவிலியரையும் நம்பி வந்துள்ளது. 2022ஆம் ஆண்டு அங்குப் புதிதாகப் பதிவு பெற்ற மருத்துவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் பிற நாடுகளில் பட்டம் பெற்றவர்களே.

அங்குச் செல்ல விரும்புவோர் முதலில் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். பின்னர் 'பிளாப்' எனப்படும் தேர்வு. 1975ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்முறையின் முதற்பகுதியை நம் சென்னையிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதிக்கு மான்செஸ்டர் நகருக்குச் செல்ல வேண்டும். அங்கு நடிகர்கள் நோயாளிகளாக அமர்ந்திருப்பர். சில நிமிடங்களுக்குள் அவர்களை விசாரித்து, அவர்களுடைய அச்சத்தைக் கேட்டறிந்து, விளக்கம் சொல்ல வேண்டும். நோயை மட்டும் கண்டுபிடித்துவிட்டு ஆறுதலாக ஒரு சொல் கூறாதவர் மதிப்பெண் இழப்பார். இதுவே நம் பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி. சிலர் அறிமுகப் பயிற்சி எதுவுமின்றி நேரே இரவுப் பணிக்கு அனுப்பப்படுவதும் உண்டு. நாம் கேட்ட மகனுக்கும் அதுவே நேர்ந்தது.

எண்ணும் சொல்லும் மாறும்போது

மருத்துவ அறிவு உலகெங்கும் ஒன்றுதானே என்று நாம் எண்ணுவோம். அறிவு ஒன்றே, ஆனால் அதன் அளவைகள் ஒன்றல்ல. நம் நாட்டில் இரத்தத்தில் சர்க்கரை 180 என்று எழுதினால், இங்கிலாந்தில் அதனை 10 என்று எழுதுவர். நமக்கு ஹீமோகுளோபின் 12, அவர்களுக்கு 120. நாம் காய்ச்சல் 101 டிகிரி என்றால், அவர்கள் 38.3 என்பர். இரத்தத்தில் உயிர்வளியின் அழுத்தம் நமக்கு 100, அவர்களுக்கு 13.3. அமெரிக்கா சென்றால் மருந்துகளின் பெயரே மாறும். பாராசிட்டமால் அங்கு அசிட்டமினோஃபென். அட்ரினலின் அங்கு எபிநெஃப்ரின். நள்ளிரவில், இதயம் நின்ற நோயாளியின் அருகில், இவற்றை மனத்துக்குள் மாற்றிக் கணக்கிட நேரம் ஏது?

மொழியும் அவ்வாறே. தேர்வில் வென்ற ஆங்கிலம் ஒன்று. வார்டில் முதியவர் பேசும் ஆங்கிலம் வேறு. 'ஒரு காசு செலவிடப் போக வேண்டும்' என்று மூதாட்டி ஒருவர் சொன்னால், அவர் கழிப்பறைக்குச் செல்ல விரும்புகிறார் என்று பொருள். நம் தலையசைப்போ அவர்களைக் குழப்பும். நாம் பணிவுடன் இருபுறமும் தலையாட்டுவது 'ஆம்' என்பதா, 'இல்லை' என்பதா என்று அவர்களுக்கு விளங்குவதில்லை. புரியாதபோதும் மரியாதை கருதி 'ஆகட்டும்' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவ்வழக்கம் ஆபத்தாகும்.

'சார்' இல்லாத அவை

நம் மருத்துவமனைகளில் தலைமை மருத்துவர் உள்ளே நுழைந்தால் அனைவரும் எழுந்து நிற்பர். அவர் பேசுவார், மற்றவர் குறித்துக்கொள்வர். செவிலியர் ஓரமாக நிற்பார். இங்கிலாந்து சென்ற முதல் நாள், தலைமை மருத்துவரைக் கண்டதும் எழுந்து நின்று 'சார்' என்றாராம் நம் இளைஞர். அவரோ சிரித்து, "என்னைப் பெயர் சொல்லியே அழையுங்கள்" என்றாராம். ஒரு வாரம் வரையில் அப்பெயர் தம் நாவில் எழவில்லை என்றார்.

அங்குக் காலையில் நோயாளிகளைச் சுற்றிப் பார்க்கும்போது தலைமை மருத்துவர், இளைய மருத்துவர்கள், செவிலியர், மருந்தாளுநர், உடற்பயிற்சி மருத்துவர், உணவியல் வல்லுநர் ஆகியோர் ஒன்றாக நின்று பேசுவர். செயற்கைச் சுவாசக் கருவியில் உள்ள நோயாளி ஒருவருக்குச் செவிலியர் ஒருவர் என்பது அவர்கள் வகுத்துள்ள நெறி. பன்னிரண்டு மணி நேரம் ஒரே நோயாளியின் அருகில் நிற்பவர் அவர். மருத்துவர் ஒரு நாளில் ஒரு நோயாளியைச் சில முறை பார்ப்பார். செவிலியரோ ஒவ்வொரு மூச்சையும் பார்ப்பவர். ஆகவே, 'இவருக்கு ஏதோ மாறுதல் தெரிகிறது' என்று அவர் சொன்னால் எவரும் அதனைப் புறக்கணிப்பதில்லை.

இனி, அந்த அன்னையை வருத்திய கேள்விக்கு வருவோம். இரத்த அழுத்தம் வீழ்ந்த நோயாளிக்கு நோர்அட்ரினலின் என்னும் மருந்தைச் சிறு எந்திரத்தின் வழியே சொட்டுச் சொட்டாகச் செலுத்துவர். சேலத்தில் நம் இளைஞர் பணியாற்றிய இடத்தில் 50 மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம் கலப்பது வழக்கம். புதிய இடத்தில் அதே 50 மில்லிலிட்டரில் 8 மில்லிகிராம் கலப்பர். அவர் பழக்கத்தினால், "மணிக்கு 10 மில்லிலிட்டர் ஓடட்டும்" என்றார். அப்படியே ஓடியிருந்தால், அவர் கருதியதைப் போல் இருமடங்கு மருந்து உடலில் ஏறியிருக்கும். அதனால்தான் செவிலியர், "டாக்டர், நீங்கள் சொன்ன அளவு சரிதானா?" என்று கேட்டார்.

அவமதிப்பு என்று கருதப்பட்ட அக்கேள்வி, ஓர் உயிருக்கு வேலியாக நின்றது. அதனைத் தாம் உணர இரண்டு நாள் ஆயிற்று என்று அவரே நம்மிடம் ஒப்புக்கொண்டார்.

மௌனத்தின் விலை

கேள்வி கேளாமையின் விலை என்ன என்பதற்கும் வரலாறு உண்டு. 2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்தில் நலமான இளந்தாய் ஒருவர் சிறியதோர் அறுவைக்காக மயக்க மருந்து பெற்றார். மூச்சுக்குழாயைப் பொருத்த இயலவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் அதே முயற்சியில் ஈடுபட்டனர். அருகிலிருந்த செவிலியருள் ஒருவர் தொண்டையில் துளையிடும் கருவிகளைக் கொணர்ந்து வைத்தார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டார். என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனைப் பெரியவர்களிடம் எவ்வாறு சொல்வது என்பது தெரியவில்லை. அத்தாய் சில நாட்களில் இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. விமான ஓட்டத்தில், துணை விமானி தலைமை விமானியைத் தயங்காமல் எச்சரிக்கப் பழக்கப்படுத்துவர். அப்பழக்கம் மருத்துவத்தில் ஏன் இல்லை என்று அவர் வினவினார். பழிவாங்க முனையாமல், 2007இல் இதற்கென ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார். இன்று பிரித்தானிய மருத்துவப் பயிற்சிகளில் இந்நிகழ்ச்சி பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

எனவே அங்குச் செய்தி சொல்வதற்கே ஒரு முறை கற்பிக்கின்றனர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றியது அது. இப்போதைய நிலைமை, அதன் பின்னணி, என் மதிப்பீடு, நான் வேண்டுவது என்னும் நான்கையும் இவ்வரிசையில் கூற வேண்டும். நம்மவர் முதல் மூன்றையும் தெளிவாகக் கூறுவர், நான்காவதில் தயங்குவர். 'நீங்கள் உடனே வர வேண்டும்' என்று மூத்தவரிடம் சொல்வது துடுக்கு என்று நம் வளர்ப்பு நமக்குக் கற்பித்துள்ளது. அங்கோ அதனைச் சொல்லாமல் விடுவதே குற்றம்.

குடும்பத்தாரிடம் பேசுதல்

மற்றொரு மாறுதல் இதனினும் ஆழமானது. நம் ஊரில் நோயாளியிடம் மறைத்துவிட்டு, தாழ்வாரத்தில் நிற்கும் மூத்த மகனிடமோ மாமனிடமோ மருத்துவர் பேசுவார். செலவைக் கணக்கிட்டு, சிகிச்சையைத் தொடர்வதா, வீட்டுக்கு அழைத்துச் செல்வதா என்று அவர்கள் முடிவு செய்வர். இங்கிலாந்தில் நோயாளிக்கு நினைவிருந்தால் அவரிடமே முதலில் சொல்ல வேண்டும். அவர் இசைந்தால்தான் உறவினருக்குச் சொல்லலாம். நினைவில்லாதவர்க்கு எது நன்மை என்பதை, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடும்பத்தாரைக் கலந்து மருத்துவக் குழு தீர்மானிக்கும்.

இனிப் பயனில்லை என்று குழு ஒருமனமாக முடிவு செய்யும்போது, செயற்கைச் சுவாசத்தை நிறுத்தும் பொறுப்பு நம் இளைஞரிடம் வரலாம். "சாமி, இது பாவமாகுமா?" என்று அவர் நம்மைக் கேட்டார். இக்கேள்வி திருச்சபைக்குப் புதிதன்று. 1957ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 24ஆம் நாள், மயக்கவியல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இதற்கே விடையளித்தார். சாதாரண வழிகளைக் கைவிடலாகாது. அசாதாரண வழிகளைக் கையாளும் கடமை எவருக்கும் இல்லை. நம்பிக்கையற்ற நிலையில் செயற்கைச் சுவாசத்தை நிறுத்தலாம் என்பது அவ்விடையின் சாரம். உயிரைப் பறிப்பது வேறு. வரும் இறப்பை ஏற்பது வேறு. நம் நாட்டு உச்சநீதிமன்றமும் 2018இல் இவ்வுரிமையை ஏற்று, 2023இல் அதற்கான நடைமுறையை எளிதாக்கியது. இதனை விளக்கியபோது, அவருடைய நெஞ்சின் பாரம் சிறிது இறங்கியது.

கொடுக்கவும் உண்டு

வெளிநாடு சென்றவர் வெறுங்கையுடன் செல்கிறார் என்று எண்ண வேண்டாம். கட்டுவிரியன் கடித்து மூச்சடங்கியவரையும், பூச்சிமருந்து அருந்தியவரையும், டெங்குக் காய்ச்சலில் துவண்ட குழந்தையையும் நாள்தோறும் பார்த்துப் பழகியவர் நம் இளைஞர். அங்குள்ள மருத்துவர் பலர் இவற்றை நூலில் மட்டுமே கண்டிருப்பர். கருவி குறைந்த இடத்தில் கண்ணாலும் கையாலும் நோயை அறியும் திறன் நம்மவரிடம் உண்டு.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் போரிஸ் ஜான்சன் கொரோனாத் தொற்றினால் இலண்டன் புனித தோமா மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். மீண்டு வந்தபின், நியூசிலாந்தைச் சேர்ந்த ஜென்னி, போர்த்துகலைச் சேர்ந்த லூயிஸ் என்னும் இரு செவிலியருக்கு அவர் நாடறிய நன்றி கூறினார். அதே நாட்களில் அந்நாட்டில் அத்தொற்றினால் முதன்முதலாக உயிரிழந்த மருத்துவருள் பலர், பிற நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

மலைக்கு அப்பால்

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று தள்ளிவிடலாமா? சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு உள்ளது. ஆலப்புழை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர் ரெஜி ஜார்ஜ், மருத்துவர் லலிதா ரெஜி தம்பதியர் 1993ஆம் ஆண்டு அங்குக் குடியேறினர். அந்நாளில் அப்பகுதியில் பிறந்த 1,000 குழந்தைகளுள் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன. ஓலைக் குடிசை ஒன்றில் அவர்கள் மருத்துவம் தொடங்கினர்.

அவர்களும் அங்கு அயலாரே. அம்மலை மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். ஆனால் அவர்கள் பேசுவது தமிழ். வந்த மருத்துவர்கள் அம்மக்களின் பேச்சையும் வழக்கத்தையும் கற்க வேண்டியிருந்தது. பட்டம் பெற்ற செவிலியரை வெளியிலிருந்து அழைத்துவராமல், குறைந்த பள்ளிப்படிப்புடைய மலைப்பெண்களையே பயிற்றுவித்துத் தம் குழுவில் சேர்த்தனர். தாயையும் சேயையும் வீடு தேடிச் சென்று பார்த்தவர்கள் அப்பெண்களே. குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று அக்குடிசை, அறுவைக் கூடமும் தீவிர சிகிச்சை வசதியும் கொண்ட மருத்துவமனையாக வளர்ந்துள்ளது. மலைப்பெண்ணின் சொல்லுக்கு மருத்துவர் செவி சாய்த்திராவிடில் இது நடந்திருக்குமா?

பெற்றோருக்குச் சில சொற்கள்

பிள்ளை வெளிநாட்டில் பணியேற்ற முதல் ஆண்டில், 'எவ்வளவு சம்பளம்? எப்போது வீடு வாங்குவாய்?' என்று கேட்பதைச் சற்று ஒத்திவையுங்கள். இங்கு நான்காண்டு அனுபவம் பெற்றவர் அங்கு இளையவராக மீண்டும் தொடங்குகிறார். அதனால் உறவினரிடையே தாழ்ந்துவிட்டதாக அவர் கருத நீங்கள் காரணமாகாதீர்கள். இரவுப் பணி முடித்து உறங்கும் வேளையில் அழைக்காதீர்கள். சிறுமைப்படுத்தும் சொற்களும் நிறவேற்றுமையும் உண்மையிலேயே நேர்ந்தால், பொறுத்துப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள். மருத்துவமனையில் அதனை முறையிட வழி உண்டு, அவ்வழியை நாடத் துணிவு கொடுங்கள். ஆயினும் அவமதிப்பு எது, எச்சரிக்கை எது என்று பகுத்தறியவும் துணை நில்லுங்கள்.

உரையாடலின் முடிவில் அம்மகன் சொன்னதொன்று நம் உள்ளத்தைவிட்டு நீங்கவில்லை. "சாமி, சேலத்தில் என்னுடன் நான்காண்டு பணிசெய்த சிஸ்டர் ஒருமுறைகூட என்னை அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய நேரம் எத்தனை இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் அச்சமாக இருக்கிறது. திரும்பி வரும்போது முதலில் அவரிடம், 'என்னைக் கேளுங்கள்' என்று சொல்ல வேண்டும்."

பாஸ்டனிலிருந்து தாயகம் திரும்பிய இப்சனை அவருடைய ஊர் கேட்டது. அதனால் உயிர்கள் பிழைத்தன. நம் பிள்ளைகளுள் சிலரேனும் திரும்பி வருவர். வரும்போது அவர்கள் கொணரும் பொருள்களுள் விலைமதிப்பற்றது இந்தப் பணிவே. அதனை ஏற்க நம் மருத்துவமனைகள் ஆயத்தமாக இருக்கின்றனவா? நம் வீடுகளில், வயதில் இளையவரோ பணியாளரோ, 'இது சரிதானா?' என்று கேட்டால் நாம் முகஞ்சுளியாது நின்று கேட்கிறோமா?

அடுத்த முறை அந்த ஆசிரியை அம்மையாரைக் காணும்போது நாம் கூறவிருப்பது இதுதான்: "டீச்சர், உங்கள் மகனை அந்த நர்ஸம்மா தாழ்த்தவில்லை. தம் குழுவில் ஒருவராக ஏற்றுக்கொண்டார்."